கணினித் திரை நிகழ்ச்சியைக் கட்டளை வரியாற் பதிவு செய்தல்

கற்பிப்போன் ஒருவன் தன் செயலைக் கற்போன் கண்முன் செய்து காட்டுவானாயின், பல பக்கங்களில் எழுதியும் விளங்காத நுட்பம் சில நொடிகளில் விளங்கிவிடும். தச்சும் நெசவும் இசையும் இவ்வாறே தலைமுறை தலைமுறையாகக் கைம்மாறி வந்தன. கணினித் தொழிலும் இதற்கு விலக்கன்று. எப்பொத்தானை எப்பொழுது அழுத்துவது, பிழைச்செய்தி தோன்றின் அடுத்து எங்கே நோக்குவது என்பனவற்றை நூலிற் படித்தறிவதினும் திரையிற் கண்டறிதல் எளிது. ஆயினும் கற்பிப்போன் அருகிருந்து காட்டும் வாய்ப்பு எல்லார்க்கும் எப்பொழுதும் வாய்ப்பதன்று. ஆதலின், திரையில் நிகழ்வதைக் காணொலியாகப் பதிந்து வைத்து, வேண்டியார் வேண்டிய பொழுது காணச் செய்யும் முறையை மாணாக்கரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

இதன் பயனுக்குச் சரித்திரத்திலேயே ஒரு சான்று உண்டு. 1968ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள், அமெரிக்க நாட்டுச் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்ற கணினி மாநாட்டில், ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் ஏறக்குறைய ஆயிரம் பேர் கூடிய அவையில் 90 நிமிட நேரம் தம் கணினியின் திரையைப் பெருந்திரையொன்றிற் காட்டி விளக்கினார். கணினி இருந்ததோ அவ்வவைக்குப் பல மைல் அப்பாலுள்ள மென்லோ பார்க் என்னும் ஊரில். மவுஸ் என இன்று நாம் வழங்கும் கைக்கருவியையும், ஒரு சொல்லைத் தொட்டவுடன் வேறோர் ஏட்டிற்குச் செல்லும் இணைப்பையும், சேய்மையிலுள்ள இருவர் ஒரே ஏட்டில் ஒருங்கே பணிபுரிதலையும் அவ்வவையோர் அன்று கண்டனர். அந்நிகழ்ச்சி படச்சுருளிற் பதிவு செய்யப்பட்டமையாலேயே, அன்று பிறவாத நாமும் இன்று அதனைக் காண முடிகின்றது. அன்று அதற்குப் பல கருவிகளும் பலர் உழைப்பும் வேண்டியிருந்தன. இன்றோ ஒரு பழைய கணினியும் ஒரே வரியில் அமைந்த கட்டளையும் போதும். அக்கட்டளையின் இயல்பையும், அதனைக் கொடுப்போன் முன்னரே விடை கண்டிருக்க வேண்டிய வினாக்களையும் ஈண்டு யாம் எடுத்துரைப்போம்.

1. பதிவின் அளவு

கணினித் திரை என்பது பிக்சல் எனப்படும் மிகச் சிறிய படப்புள்ளிகள் வரிசை வரிசையாக அமைந்ததொன்று. அகலத்தில் 1920 புள்ளிகளும் உயரத்தில் 1080 புள்ளிகளும் உடைய திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள. ஒரு புள்ளியின் நிறத்தைக் கணினி தன் நினைவில் வைத்தற்குப் பெரும்பாலும் 4 பைட்டு இடம் கொள்கின்றது. ஆகவே ஒரு முறை திரையை முழுதும் படியெடுப்பின் 82,94,400 பைட்டுகள் சேரும். அசைவு தடையின்றித் தோன்றுதற்கு நொடிக்கு 30 படிகள் எடுப்பதாகக் கொள்வோம். நொடியொன்றுக்கு 24,88,32,000 பைட்டுகள், அஃதாவது ஏறக்குறைய 25 கோடி பைட்டுகள் ஆகின்றன. ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,493 கோடி பைட்டுகள். ஒரு மணி நேரப் பாடத்தை இவ்வாறே சேமிக்கப் புகுவோமாயின் எளிய கணினியின் வட்டு முழுதும் நிரம்பியும் இடம் போதாது.

இக்கணக்கினின்று ஓர் உண்மை பெறப்படுகின்றது. திரையைப் பதிதல் என்பது உள்ளதை உள்ளவாறே அள்ளி வைத்தலன்று; எதனைக் கொள்வது, எதனை விடுவது எனத் தேர்தலேயாம். படங்களும் பொத்தான்களும் நிறைந்த மென்பொருள்கள் இத்தேர்வை நமக்காகத் தாமே செய்து விடுகின்றன. கட்டளை வரியோ ஒவ்வொன்றையும் நம்மிடமே கேட்கின்றது. திரையின் எப்பகுதி, நொடிக்கு எத்தனை படிகள், எவ்வொலி, எத்துணைச் சுருக்கம், எவ்வகைக் கோப்பு என்னும் ஐந்து வினாக்களுக்கும் விடையறிந்தவனே அக்கட்டளையைச் செவ்வனே எழுத வல்லவனாவான். இதுவே கட்டளை வரியின் அருமை. அதன் பயனும் இதுவே.

2. கருவிகளின் வரலாறு

லினக்ஸ் முதலிய கணினிகளில் திரைக்காட்சியை நெடுங்காலமாக ஆண்டு வருவது எக்ஸ் சாளர முறை என்பதாகும். இது 1984ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பிறந்தது. 1987ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் பதினோராம் வடிவம் எக்ஸ்11 எனப் பெயர் பெற்றது. காணொலியையும் ஒலியையும் ஒரு வடிவினின்று மற்றொரு வடிவிற்கு மாற்ற வல்ல எஃப்எஃப்எம்பெக் என்னும் கருவியைப் பிரெஞ்சு நாட்டறிஞர் பப்ரீஸ் பெல்லார்டு என்பவர் 2000ஆம் ஆண்டிற் தொடங்கி வைத்தார். இக்கருவி கோப்புக்களினின்று மட்டுமன்றி, ஒலிவாங்கி, காமிரா, திரை ஆகியவற்றினின்றும் நேரே காட்சியையும் ஒலியையும் வாங்க வல்லது. எக்ஸ் முறையில் இயங்கும் திரையை வாங்கும் அதன் உறுப்புக்கு எக்ஸ்11கிராப் என்று பெயர். இக்கருவி விலையின்றிக் கிடைப்பது. அதன் மூல நிரலையும் யாவரும் படித்தறியலாம்.

3. கட்டளையும் அதன் உறுப்புக்களும்

கட்டளையைக் கணினியில் தட்டுங்கால் ஆங்கில எழுத்துக்களிலேயே தட்டுதல் வேண்டும். இது தமிழ்ப் பகுதியாதலின் அதன் ஒலியைத் தமிழெழுத்தில் தருகின்றோம். முழுக் கட்டளையும் ஒரே வரியாம்.

எஃப்எஃப்எம்பெக் -எஃப் எக்ஸ்11கிராப் -பிரேம்ரேட் 15 -வீடியோ_சைஸ் 1366எக்ஸ்768 -ஐ :0.0 -எஃப் பல்ஸ் -ஐ டிபால்ட் -சி:வி லிப்எக்ஸ்264 -பிரிசெட் அல்ட்ராபாஸ்ட் -சிஆர்எஃப் 18 -சி:ஏ ஏஏசி பாடம்.எம்கேவி

காண்போர்க்கு இது மந்திரம் போலத் தோன்றலாம். பகுத்து நோக்கின் அச்சம் நீங்கும். இதன் இலக்கணம் மிக எளிது. முதற்கண் கருவியின் பெயர். அடுத்து உள்ளே வரும் பொருளின் இயல்பும் அதன் இடமும். இறுதியில் வெளியே செல்லும் பொருளின் இயல்பும் பெயரும். ஒவ்வொரு விதியும் தனக்குப் பின் வரும் பொருளையே பற்றும். பெயரெச்சம் தனக்குப் பின் நிற்கும் பெயரைத் தழுவுதல் போல்வது இது. ஆகவே 'பிரேம்ரேட்' என்னும் விதியை அது பற்ற வேண்டிய 'ஐ' என்பதற்குப் பின்னர் வைப்பின் பொருள் வேறுபடும். கட்டளைகள் எதிர்பார்த்தவாறு பயன் தராமைக்கு இவ்வரிசை மயக்கம் ஒரு பெருங்காரணம் என்க.

முதல் உறுப்பு 'எஃப் எக்ஸ்11கிராப்' என்பது. காட்சி திரையினின்று வருகின்றது என இது கருவிக்கு அறிவிக்கின்றது. 'பிரேம்ரேட் 15' என்பது நொடிக்கு 15 படிகள் எடுக்கப் பணிப்பது. இதனைக் கூறாதொழியின் கருவி தானே நொடிக்கு ஏறத்தாழ 30 படிகள் எடுக்கத் தொடங்கும். விளையாட்டைப் பதிவோர்க்கு அது வேண்டும். எழுத்தைத் தட்டிக் காட்டும் பாடத்திற்கு 15 படிகளே சாலும். 'வீடியோ_சைஸ்' என்பது பதிய வேண்டிய பரப்பின் அகல உயரங்களைக் குறிப்பது. நம் திரையின் அளவை எக்ஸ்ராண்டர் என்னும் கட்டளையால் அறியலாம். ':0.0' என்பது திரையின் முகவரி. சில கணினிகளில் இது ':1' என்றும் இருக்கும். முகவரியை அடுத்து '+100,200' எனச் சேர்ப்பின், இடப்புற ஓரத்தினின்று 100 புள்ளிகளும் மேற்புற ஓரத்தினின்று 200 புள்ளிகளும் தள்ளிப் பதிவு தொடங்கும். திரை முழுதும் வேண்டாது ஒரு சாளரம் மட்டும் வேண்டுவார்க்கு இது பெரிதும் பயன்படும். அப்பொழுது வீடியோ_சைஸ் என்னும் அளவையும் அச்சாளரத்திற்கேற்பக் குறைத்தல் வேண்டும்.

'எஃப் பல்ஸ் -ஐ டிபால்ட்' என்பது ஒலியைப் பற்றியது. கணினி வழக்கமாகக் கேட்கும் ஒலிமூலத்தினின்று, பெரும்பாலும் ஒலிவாங்கியினின்று, நம் குரலை வாங்க இது பணிக்கின்றது. கணினிக்குள்ளே ஒலிக்கும் ஒலி வேண்டுமாயின் 'மானிட்டர்' என முடியும் வேறொரு மூலத்தைக் குறிப்பிடல் வேண்டும். குரலும் ஒலியும் வேறு வேறு வாயில்களினின்று வருவன என்பதை உணராதார், நெடுநேரம் பேசிப் பதிந்த பின்னர்க் காணொலி ஊமையாயிருத்தலைக் கண்டு வருந்துவர். முதலில் இருபது நொடி அளவிற்குப் பதிந்து, ஒரு முறை கைதட்டி, தட்டிய ஒலி பதிந்துள்ளதா எனக் கேட்டறிந்த பின்னரே பாடத்தைத் தொடங்குதல் அறிவுடைமை.

இனிச் சுருக்கத்தைக் கூறுவாம். 'லிப்எக்ஸ்264' என்பது 2003ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட எச்.264 என்னும் நியமத்தின்படி காட்சியைச் சுருக்கித் தரும் உறுப்பு. 'அல்ட்ராபாஸ்ட்' என்பது மிக விரைந்து சுருக்குக என்னும் ஆணை. விரைந்து செய்யும் வேலையிற் சுருக்கம் குறைவாகவே இருக்கும், கோப்பும் பெரிதாகும். ஆயினும் பதியும் பொழுது கணினியைப் பெரிதும் வருத்தின் படிகள் இடையிடையே விடுபட்டுப் போகும், போனவை மீளா. கோப்பைப் பின்னர் ஓய்வாகச் சுருக்கிக் கொள்ளலாம்.

இறுதியாகக் கோப்பின் வகை. 'எம்கேவி' என்பது மாட்ரோஸ்கா வகை. பலரும் பழகிய 'எம்பி4' வகையை இங்கே விலக்கியதற்குத் தக்க காரணம் உண்டு. எம்பி4 கோப்பில் எப்படி எங்கே உள்ளது எனக் காட்டும் அட்டவணை வழக்கமாகப் பதிவு முடிந்த பின்னரே எழுதப்படுகின்றது. இடையில் மின்சாரம் நின்றுவிடின் அட்டவணை எழுதப்படாது போம்; ஒரு மணி நேர உழைப்பும் திறவாப் பெட்டியாய்க் கிடக்கும். மாட்ரோஸ்காக் கோப்போ நின்ற இடம் வரையிற் பெரும்பாலும் காணத்தக்கதாகவே இருக்கும். பதிவை முறையாக நிறுத்துதற்கு அக்கட்டளை இயங்கும் டெர்மினலில் 'க்யூ' என்னும் எழுத்தை அழுத்துதல் வேண்டும்.

4. காண்போர் நிலையறிந்து சுருக்குதல்

பதிவு முடிந்ததனால் வேலை முடிந்ததென்று கருதற்க. நம் பாடத்தைக் காண்போர் யார் என எண்ணிப் பார்த்தல் வேண்டும். விரைவான இணைப்பும் அகன்ற திரையும் உடையார் சிலர்; நாளொன்றுக்கு அளந்து கிடைக்கும் டேட்டாவைக் கொண்டு கையடக்கத் தொலைபேசியிற் காண்போர் பலர். கோப்பு பெரிதாயின் முன்னவர்க்குச் சிறிது தாமதம். பின்னவர்க்கோ பாடமே இல்லை. ஆகவே சுருக்குதல் என்பது வெறுந் தொழில் நுணுக்கமன்று; கல்வி யார் கையில் சேரும் என்பதை முடிவு செய்யும் செயலாகும்.

இரண்டாம் கட்டளை வருமாறு:

எஃப்எஃப்எம்பெக் -ஐ பாடம்.எம்கேவி -சி:வி லிப்எக்ஸ்264 -பிரிசெட் ஸ்லோ -சிஆர்எஃப் 26 -பிக்ஸ்_எஃப்எம்டி ஒய்யுவி420பி -சி:ஏ ஏஏசி -பி:ஏ 64கே -மூவ்பிளாக்ஸ் +பாஸ்ட்ஸ்டார்ட் பாடம்.எம்பி4

'சிஆர்எஃப்' என்பது தெளிவின் அளவுகோல். அது 0 முதல் 51 வரை செல்லும். கூறாதொழியின் 23 எனக் கொள்ளப்படும். எண் ஏற ஏறத் தெளிவு குறையும், கோப்பும் சிறுகும். எண்ணில் 6 கூட்டின் கோப்பு ஏறக்குறையப் பாதியாகும் என்பது பட்டறிவாற் கண்ட பொதுக் கணக்கு. 'ஸ்லோ' என்பது ஆற அமரச் சுருக்குக என்னும் ஆணை. 'பாஸ்ட்ஸ்டார்ட்' என்பது முன்னர்க் கூறிய அட்டவணையைக் கோப்பின் தொடக்கத்திற்குக் கொணர்வது. அதனாற் கோப்பு முழுதும் வந்து சேர்வதற்கு முன்னரே காணத் தொடங்கலாம்.

இத்துணைச் சுருக்கம் எங்ஙனம் கைகூடுகின்றது எனின், கூறுதும். பாடம் நடக்குங்கால் திரையின் பெரும்பகுதி அசையாதிருக்கும். ஓரிடத்தில் எழுத்தொன்று தோன்றும், மற்றோரிடத்தில் மவுஸின் அம்பு நகரும். ஆதலின் கருவி இடையிடையே ஒரு முழுப் படியை வைத்துக் கொண்டு, ஏனையவற்றில் முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதுகின்றது. 1366க்கு 768 அளவுள்ள திரையை நொடிக்கு 15 படிகளாகச் சுருக்காது வைப்பின் நொடிக்கு 6,29,45,280 பைட்டுகள் ஆகும். நொடிக்கு 25,000 பைட்டுகளே கொள்ளுமாறு அதனைச் சுருக்குவோமாயின் அது 2,500இல் ஒரு பங்கினும் குறைவு. மாறாத் திரையையுடைய பாடத்திற்கு இஃது எட்டாத அளவன்று. 64 கிலோபிட்டு ஒலிக்கு நொடிக்கு 8,000 பைட்டுகள் கூட்டினும், பத்து நிமிடப் பாடம் 2 கோடி பைட்டுகளுக்குள் அடங்கும்.

'ஒய்யுவி420பி' என்பதையும் அறிதல் வேண்டும். மனிதர் கண் ஒளியின் ஏற்றத்தாழ்வை நுணுக்கமாகவும் நிறத்தின் வேறுபாட்டைச் சற்று மழுக்கமாகவும் காண்பது. இவ்வியல்பைத் துணைக்கொண்டு, ஒளியளவை ஒவ்வொரு புள்ளிக்கும், நிறத்தை நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகவும் வைப்பது இம்முறை. எளிய தொலைபேசிகளிலும் காணொலி ஓடவேண்டின் இதுவே தக்கது. ஆயின் இதனால் ஒரு குறையும் உண்டு. நீலப் பின்புலத்தில் மெல்லிய சிவப்பு எழுத்துக்களை இட்டால் அவற்றின் விளிம்பு கலங்கித் தோன்றும். வெண்மையில் கருமையோ கருமையில் வெண்மையோ ஆயின் அக்கலக்கம் இராது. எனவே பதிவைத் தொடங்கு முன்னரே எழுத்தைப் பெரிதாக்கி, நிறத்தை எளிதாக்கிக் கொள்ளுதல் நன்று. இம்முறையில் அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்களாக இருத்தல் வேண்டும் என்பதையும் மறவற்க.

5. எழுத்தே போதுமாயின்

டெர்மினலில் கட்டளைகளைத் தட்டிக் காட்டுவதே பாடமாயின் காணொலியே வேண்டாம். ஸ்கிரிப்ட் என்னும் மிகப் பழைய யூனிக்ஸ் கட்டளை, திரையில் தோன்றும் எழுத்துக்களை எல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அவை தோன்றிய நேர இடைவெளியையும் உடன் எழுதச் செய்யின், ஸ்கிரிப்ட்ரீபிளே என்னும் கட்டளையால் அந்நிகழ்ச்சியை மீண்டும் அவ்வாறே ஓடவிட்டுக் காணலாம். ஆஸ்கினிமா என்னும் பிற்காலக் கருவியும் இத்தகையதே. இங்கே பதிவாவது புள்ளிகளல்ல, எழுத்துக்கள். ஆதலின் கோப்பு மிகச் சிறிதாயிருக்கும். காண்போர் வேண்டிய கட்டளையை அதினின்று அப்படியே படியெடுத்துத் தம் கணினியிற் செய்து பார்க்கவும் கூடும். பெரிய கருவி உண்டு என்பதற்காகச் சிறிய வேலைக்கும் அதனையே எடுத்தல் தகாது.

6. திரையைக் காணும் உரிமை

இதுகாறும் பதியும் திறத்தைக் கூறினோம். இனிப் பதியத் தகாதன பற்றியும் கூறல் கடமையாகும். எக்ஸ்11 முறையில் ஒரு வியப்பு உண்டு: அத்திரையோடு இணைப்புப் பெற்ற எந்த நிரலும் பொதுவாக எவரையும் கேளாமலே திரை முழுதையும் காணலாம். நம் கட்டளை அனுமதி கேளாது இயங்குவது இதனாலேயே. நமக்கு வசதியாகிய இதுவே தீயோர் நிரலுக்கும் வசதியாகும். கிறிஸ்டியான் ஹோக்ஸ்பெர்கு என்பவர் 2008ஆம் ஆண்டிற் தொடங்கிய வேலாண்டு என்னும் புதுமுறையில் இவ்வாயில் அடைக்கப்பட்டது. அங்கே ஒரு நிரல் மற்றொன்றின் சாளரத்தைத் தன் விருப்பப்படி காண இயலாது. ஆகவே வேலாண்டு முறையில் இயங்கும் கணினியில் எக்ஸ்11கிராப் கட்டளையைக் கொடுத்தோர் கருந்திரையையே காண்பர். அல்லது பழைய முறைச் சாளரங்கள் மட்டும் பதிந்திருக்கக் காண்பர். கருவி பழுதுற்றதென அவர் மயங்குதல் வேண்டா. தம் கணினி எம்முறையினது என்பதை, 'எக்ஸ்டிஜி_செஷன்_டைப்' என்னும் சூழல் மாறியின் மதிப்பை எக்கோ கட்டளையால் அச்சிட்டு அறியலாம். வேலாண்டில் ஸ்வே முதலிய சில சூழல்களில் டபிள்யூஎஃப்-ரெக்கார்டர் என்னும் கட்டளை பயன்படும்; க்னோம் முதலியவற்றில் உடையவனது இசைவைக் கேட்டுப் பெற்ற பின்னரே பதிவு தொடங்கும்.

கணினி இசைவு தந்துவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்ததோ எனின், தீரவில்லை. ஒரு நொடி தோன்றி மறையும் செய்தியறிவிப்பும் 15 படிகளிற் பதிந்து நிற்கும். கேட்போர் காதிற் படாது போவது ஒன்று உண்டாயினும், நிறுத்தி நிறுத்திப் பார்ப்போர் கண்ணிற்படாது போவது ஒன்றுமில்லை. நண்பர் ஒருவர் நம்மை நம்பி எழுதிய மடலின் முதல் வரியும், மாணாக்கர் ஒருவரின் மதிப்பெண்ணும், திறந்து கிடந்த கோப்பில் எழுதி வைத்த கடவுச்சொல்லும் இவ்வாறு பாடத்தோடு பாடமாக ஊரெங்கும் சென்றுவிடக் கூடும். ஆதலின் அறிவிப்புக்களை அடக்கி, வேண்டாச் சாளரங்களை மூடி, இயலுமாயின் பதிவுக்கென்றே தனியொரு பயனர் கணக்கை அமைத்துக் கொள்ளுதல் சாலச் சிறந்தது. பதிந்ததை முழுதும் ஒருமுறை தாமே கண்டன்றிப் பிறர்க்கு அனுப்பற்க.

7. முடிவுரை

மேற்கூறியவற்றான், ஒரே வரிக் கட்டளையாயினும் அது பல தீர்ப்புக்களின் தொகுதி என்பது விளங்கும். எப்பகுதியைக் கொள்வது என்பதில் பாடத்தின் எல்லையும், எத்துணைச் சுருக்குவது என்பதில் காண்போர்பால் நாம் கொண்ட பரிவும், எக்கோப்பில் வைப்பது என்பதில் நம் முன்னெச்சரிக்கையும், எதனை மறைப்பது என்பதில் பிறர் நம்பிக்கையைக் காக்கும் பண்பும் அடங்கியுள்ளன. அக்கட்டளையை ஒரு கோப்பில் எழுதி வைத்துக் கொண்டால் நாளையும் அதுவே பயன்படும். நண்பர்க்கு அதனை அனுப்பினால் அவரும் அவ்வாறே செய்வர். குறை காணின் ஒரு சொல்லை மாற்றித் திருத்துவர். 

மாணாக்கர் ஒவ்வொருவரும் தாம் நன்கறிந்த ஒரு சிறு செயலைத் தேர்ந்து, ஐந்து நிமிட அளவினதாக, இனிய தமிழில் விளக்கிப் பதிந்து பார்ப்பாராக. அதனைத் தம் திரையில் மட்டுமன்று, தமக்குக் கிடைக்கும் மிக எளிய தொலைபேசியொன்றிலும் இட்டுக் காண்பாராக. அங்கே எழுத்துத் தெளிவாகவும் குரல் செவ்வையாகவும் இருப்பின், அப்பாடம் செல்ல வேண்டிய இடமெல்லாம் செல்லும் தகுதி பெற்றது எனத் துணியலாம்.